புயல் பட்டியலில் மலைக்காரர்களுக்கு ஒரு வரிகூட இல்லையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் இதழில் புயலுக்கு முன் வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டிச் செய்தி வந்ததே, அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன், நேற்று நானே எடுத்துவிட்டேன். மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்புங்கள், மொட்டை மாடியில் கிடப்பதை இறக்குங்கள், கீழே இருக்கும் சாமானைப் பரணில் ஏற்றுங்கள், தாழ்வான பகுதியில் இருந்தால் மேடான இடத்துக்குப் போய்விடுங்கள். எல்லாம் சரிதான். நாங்கள் இருப்பது கொடைக்கானல், கிட்டத்தட்ட 7,000 அடி. இதற்கு மேல் மேடான இடம் வேண்டுமென்றால், எங்கள் அத்தை சொன்ன மாதிரி, கைலாசத்துக்குத்தான் போக வேண்டும்.

எழுதியவர் மேல் எனக்கு வருத்தமில்லை. புயல் என்றால் கடற்கரை என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு, 2018 வரை எங்களுக்கும் அப்படித்தான். டிவியில் நாகப்பட்டினத்தைக் காட்டுவார்கள், அடப்பாவமே என்போம், அப்புறம் அடுப்படி வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அந்த வருஷம் நவம்பர் 16ஆம் தேதி விடிவதற்குள் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, உள்ளே வர வர வலுக்குறையும் என்று சொன்னார்கள், குறைந்துகொண்டும்தான் வந்தது, ஆனால் திண்டுக்கல் தாண்டி மேற்கே போக வேண்டும் என்றால் நடுவில் எங்கள் பழனி மலைத்தொடர் நிற்கிறதே. ஏறித்தான் போனது.

மலையில் காற்று வீட்டை நேரடியாகச் செய்வது கொஞ்சம்தான், ஓட்டைக் கழற்றும், தகரத்தைத் தூக்கும். மிச்சத்தை எல்லாம் மரம் செய்துவிடும். இங்கே ரோட்டோரம் நிற்பதில் பாதிக்குமேல் யூகலிப்டஸ், பைன், வாட்டில், எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை, அதில் வாட்டிலுக்கு வேர் மேலாக ஓடும், நாலு நாள் மழையில் மண் ஊறிவிட்டால் வேர்த்தட்டோடு அப்படியே சாய்ந்துவிடும். கரண்ட் கம்பி வருவது இந்த மரங்களுக்கு நடுவில்தான். ஒரு மரம் கம்பியில் விழுந்தால் அந்தப் பக்கம் இரண்டு கம்பம், இந்தப் பக்கம் இரண்டு கம்பம் இழுபட்டு முறிகிறது. வத்தலக்குண்டு ரோட்டிலும் மரம், பழனி ரோட்டிலும் மரம், புதுக் கம்பம் ஏற்றிய லாரி எந்த வழியாக மேலே வரும்? அந்தப் புயலில் மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான கம்பங்கள் விழுந்தன, டெல்டாவில் தென்னந்தோப்புகளே படுத்துக் கிடந்தன, எங்கள் தெருவுக்கு முறை வர ஒன்பது நாள் ஆனது. அதைப் புகாராகச் சொல்லவில்லை.

சொல்ல வந்தது மூன்றாவது ராத்திரியைப் பற்றி.

முதல் இரண்டு நாள் மழையும் காற்றும், பயம் இருந்தது, ஆனால் தாங்க முடியாத குளிர் இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வானம் பளிச்சென்று வெளுத்துவிட்டது, ராத்திரி நட்சத்திரமெல்லாம் தெரிகிறது, அப்பாடா போய்விட்டது என்று தெருவே வெளியே வந்து நின்று பேசிக்கொண்டிருந்தோம். குளிர் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. மேகம் இருக்கிற வரைக்கும் அது போர்வை மாதிரி, பகலில் தரை வாங்கிய சூட்டை வெளியே விடாது, மேகம் விலகினால் அத்தனையும் வானத்துக்குப் போய்விடும். மலைக்காரர்களுக்கு இது தெரிந்ததுதான், மார்கழியில் உறைபனி விழுவதும் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிற ராத்திரியில்தானே. ஆனால் வழக்கமான மார்கழியில் கம்பளி காய்ந்திருக்கும், தலையணை காய்ந்திருக்கும், விறகு காய்ந்திருக்கும். அன்றைக்கு எங்கள் வீட்டில் காய்ந்த பொருள் என்று இருந்தது தீப்பெட்டி ஒன்றுதான், அதுவும் அரிசி டப்பாவுக்குள் கிடந்ததால்.

என் வீட்டுக்காரர் பஜாரில் அலைந்து ஒரு சிறு மூட்டை அடுப்புக்கரி வாங்கி வந்தார். கணப்புச் சட்டியில் போட்டு வாசலிலேயே மூட்டினோம், புகையெல்லாம் அடங்கி, கரி சிவந்து, மேலே சாம்பல் பூக்கிற வரைக்கும் வெளியேதான் வைத்திருந்தோம். புகை போய்விட்டது, இனி பயமில்லை என்று உள்ளே தூக்கி வந்து வைத்தோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஜன்னல் இடுக்கில் பழைய சேலைத் துணி, கதவுக்கடியில் சாக்கு. நாலு பேர் சுற்றிப் படுத்தோம். அவ்வளவு சுகமாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும், மூன்று நாளில் முதல் தடவையாகக் கால் விரல் இருப்பது தெரிந்தது.

எத்தனை மணி என்று தெரியாது, பாப்பா எழுந்து வாந்தி எடுத்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. எனக்கும் நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கின மாதிரி தலைவலி, எழுந்தால் கால் நிற்கவில்லை. நான் நினைத்தது என்ன தெரியுமா, மத்தியானத் தக்காளி சாதம் கெட்டுப்போய்விட்டது போல என்று. வீட்டுக்காரரை எழுப்பினால் ம்ம் என்கிறார், கண்ணைத் திறக்கவில்லை. அத்தைக்கு வீசிங் உண்டு, அவர்தான், "கதவத் தெறத்தா, மூச்சு முட்டுது, தெறத்தா" என்று கத்திக்கொண்டே கதவுப் பக்கம் நகர்ந்து போய் சாக்கைக் காலால் தள்ளினார். குளிரில் கதவைத் திறப்பதா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அந்தக் கோபத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

மறுநாள் ஒரு நர்ஸ் அக்கா விளக்கமாகச் சொன்னார். புகை கண்ணுக்குத் தெரியும், இருமல் வரும், நாமே எழுந்து ஓடிவிடுவோம். சிவந்த கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஆக்சிஜன் ரத்தத்தில் ஒட்டுவதைவிட அது இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும், ஆக்சிஜனுக்கு இடமே விடாது. முதலில் தலைவலி, குமட்டல், அப்புறம் தூக்கம். சேர்ந்து படுத்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் அது சாப்பாடாக இருக்காது, காற்றுதான், உடனே வெளியே வா என்றார். இங்கேயும் ஊட்டியிலும் அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று உங்கள் பத்திரிகையிலேயே எத்தனை தடவை படித்திருப்போம், யாரோ கீழே இருந்து வந்த டூரிஸ்ட், விவரம் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொள்வோம். நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். எனக்குத் தெரியவில்லையே.

அதனால்தான் உங்கள் பெட்டிச் செய்தியைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. பதினைந்து குறிப்பில் குளிர் என்ற சொல்லே இல்லை.

இப்போது நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். கரண்ட் போய் ஒரு ராத்திரிக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் வீட்டில் ஒரே ஓர் அறை, சின்ன அறை, எல்லோரும் அதில்தான். குளிர் மேலிருந்து வருகிறது என்று நினைத்துப் போர்வை மேல் போர்வை போடுகிறோம், ஆனால் சிமெண்ட் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சுவது மாதிரி எதுவும் உறிஞ்சாது, ஆகவே முதலில் கீழே கவனிக்க வேண்டும். பழைய செய்தித்தாள் கனமாக ஒரு அடுக்கு, அதன் மேல் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, அதன் மேல் பாய், அதன் மேல் மெத்தை. (உங்கள் ஞாயிறு இதழ் இதற்கு நல்ல தாள், தப்பாக நினைக்க வேண்டாம்.) அடுப்படியில் புகைபோக்கி இருக்கிறது, விறகடுப்பை அங்கேயே எரித்து வெந்நீர் வைத்து, பாட்டிலில் ஊற்றி மூடியை இறுக்கி, பழைய சாக்ஸுக்குள் போட்டுக் காலடியில் ஒன்று, வயிற்றருகே ஒன்று. விடியற்காலம் வரை வெதுவெதுப்பு இருக்கும். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் படுக்கை. ஒவ்வொருத்தருக்கும் ஒரு செட் உடுப்பு, சாக்ஸ், குல்லா, இவற்றை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி ஐப்பசியிலேயே பீரோ மேலே வைத்துவிடுவேன், மழை எவ்வளவு அடித்தாலும் அது காய்ந்திருக்கும்.

ஈரம்தான் பெரிய வில்லன். பத்து டிகிரி குளிர் என்பது காய்ந்த உடம்புக்கு ஒன்றுமில்லை, நனைந்த உடம்போடு ராத்திரி முழுக்க இருக்கிற வயசானவர்களுக்கு அதுவே ஆளைச் சாய்த்துவிடும். நடுங்கிக்கொண்டிருக்கிற வரைக்கும் உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். நடுக்கம் நின்று, பேச்சு குழறி, சும்மா தூங்கித் தூங்கி விழுந்தால் குளிர் பழகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், ஈரத்தை மாற்றிப் போர்த்தி உடனே ஆஸ்பத்திரிக்கு வழி பாருங்கள். அப்புறம் இந்த இரண்டு ரவுண்டு போட்டால் சூடாகிவிடும் என்கிற வைத்தியம். எங்கள் தெரு ஆண்களுக்கு அதில் அசைக்க முடியாத நம்பிக்கை. சரக்கு உள்ளே போனால் தோலுக்கு ரத்தம் ஓடும், சூடு ஏறின மாதிரி இருக்கும், உண்மையில் உள்ளே இருக்கிற சூடுதான் தோல் வழியாக வெளியே போகிறது. இதை எழுதினால் வீட்டில் சண்டை வரும், இருந்தாலும் போடுங்கள்.

மருந்து விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. பக்கத்து வீட்டு அண்ணன் இன்சுலின் போடுகிறவர், ஃபிரிட்ஜ் நின்றதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஊர் குளிருக்குத் திறந்த பாட்டில் வெளியே இருந்தாலே நாலு வாரம் வரை பொதுவாகக் கெடாது, வெயில் படாமல் வைத்தால் போதும். ஆனால் உறைந்தால் வீண், ஆகவே உறைபனி விழுகிற ராத்திரியில் ஜன்னல் திண்டில் வைக்கக்கூடாது. அத்தையின் வீசிங்குக்கு மருந்தைப் புகை மாதிரி ஆக்கித் தருகிற நெபுலைசருக்குக் கரண்ட் வேண்டும், அதற்கு டாக்டர் வேறு வழி சொன்னார், இன்ஹேலரோடு ஸ்பேசர் என்று ஒரு பிளாஸ்டிக் குழாய் சேர்த்து இழுப்பது. சரியாக இழுத்தால் அதே அளவுக்கு வேலை செய்கிறது. பழக ஒரு மாசம் ஆனது, புல்லாங்குழல் வாசிக்கிற வயசா எனக்கு என்று அலுத்துக்கொண்டே கற்றுக்கொண்டார். புயல் அன்றைக்குக் கற்றுக்கொள்ள முடியாது, அதைத்தான் சொல்கிறேன்.

கஜாவுக்கு அப்புறம் ஊரில் எல்லோரும் இன்வெர்ட்டர் வாங்கினோம். வாங்கியவர்கள் பாதிப்பேர் முதல் ராத்திரியே டிவி போட்டுக் காலி பண்ணிவிடுகிறோம். கணக்கு ரொம்ப எளிது. 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் அதன் பன்னிரண்டு வோல்ட்டால் பெருக்கி 1,800 வாட்-மணி, பாதிக்கு மேல் வடிய விடாமல் இருந்தால் பேட்டரிக்கு நல்லது, ஆக கையில் 900. ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு, ராத்திரிக்கு ஐந்து மணி நேரம், மொத்தம் 90. அப்படிச் சிக்கனமாக இருந்தால் கணக்குப்படி பத்து ராத்திரி, ஆனால் இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும், ஆகவே ஐந்தாறு ராத்திரி என்று வைத்துக்கொள்ளலாம், பகலில் அதையே அணைத்துவிட வேண்டும். ஆயிரம் வாட் ரூம் ஹீட்டரைச் செருகினால் ஒரு மணி நேரம்கூட வராது. போன் சார்ஜைப் பற்றியும் ரொம்பக் கவலைப்பட வேண்டாம், டவருக்கும் பேட்டரியும் டீசலும்தான், அது தீர்ந்தால் போன் டார்ச் லைட் மட்டும்தான். அதனால் இப்போது ஒரு செல் போடுகிற ரேடியோ வைத்திருக்கிறோம். கோடைப் பண்பலை 100.5 எங்கள் தலைக்கு மேலே இருந்து கொண்டுதானே பேசுகிறது. கையில் பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் பணம், ஸ்கேன் பண்ணி முட்டை வாங்க முடியாது.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று, இதை எப்படியாவது பெரிய எழுத்தில் போட வேண்டும். ஒன்பதாவது நாள் எங்கள் தெருவுக்கு லைன்மேன் வந்தார், சின்னப் பையன், ரெயின்கோட்டின் ஒரு கை கிழிந்து சணல் கயிற்றால் கட்டியிருந்தது, கைவிரலெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. கம்பத்தில் ஏறுவதற்கு முன் நடுத்தெருவில் நின்று, "யார் வீட்லயாவது ஜெனரேட்டர் ஓடுதாக்கா? தயவு செஞ்சு நிறுத்துங்க" என்று கூப்பிட்டான். மூன்று இடத்தில் சத்தம் நின்றது. எதற்குத் தம்பி என்று கேட்டேன். வீட்டு வயரிங்கிலேயே ஜெனரேட்டரைச் செருகினால், நடுவில் வீட்டை வெளி லைனிலிருந்து பிரித்துவிடுகிற சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாவிட்டால், கரண்ட் திரும்பி லைனுக்குப் போகும், 230 வோல்ட்டாகப் போவது டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி 11,000 ஆகிவிடும், மெயின் ஆஃப் என்று நம்பி மேலே இருப்பவன் கதி அவ்வளவுதான் என்றான். மூன்று வீட்டில் ஒன்று எங்கள் சொந்தக்காரர் வீடு. அவர்களுக்கு இது தெரியாது. ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து வராந்தாவுக்குள் வைப்பதும் அதே கரிச்சட்டிக் கதைதான், பெட்ரோல் புகையிலும் அதே விஷம்தான்.

என் அக்காவைக் கேத்திப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. நீலகிரிக்காரர்கள் எங்களுக்கு முன்பே பட்டவர்கள், 2009 நவம்பரில் அங்கே ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது, எத்தனை உயிர் மண்ணுக்குள் போயிற்று. அக்கா சொல்லிக்கொடுத்தது, மேட்டுப் பக்கச் சுவரை ஒட்டிய அறையில் மழை ராத்திரி படுக்காதே. நேற்று வரை சாத்திய கதவு இன்று சாத்த வரவில்லை என்றால், தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கினால் அல்லது நின்றுபோனால், வேலிக் கம்பம் சாய்ந்தால், சாமான் எடுக்க நிற்காதே. அத்தானுக்கு வேறு ஒரு ஆதங்கம் உண்டு, 1932லேயே எங்கள் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்துதான் கோயம்புத்தூர் மில்லுக்குக் கரண்ட் போனது, எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி என்பார். அது நீளமான கதை, விடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு. அந்த ஒன்பது நாளும் யாரைக் கேட்டாலும் "நாளைக்கு வந்துரும்" என்றார்கள். நாளைக்கு வந்துவிடும் என்று நம்பி முதல் மூன்று நாளிலேயே விறகை எரித்துத் தீர்த்தோம், பால் பவுடரைக் கரைத்துக் குடித்தோம், அந்தக் கரிமூட்டை வாங்க வேண்டி வந்ததே அதனால்தான். பத்து நாள் ஆகும் என்று சொல்லியிருந்தால் திட்டியிருப்போம், ஆனால் பாப்பாவையும் அத்தையையும் நிலக்கோட்டையில் என் தம்பி வீட்டுக்கு, ரோடு திறந்த அன்றே, அனுப்பியிருப்பேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ரேஷன் கடை வாசலில், பஸ் ஸ்டாண்டில் ஒரு கரும்பலகை. இன்றைக்கு எந்தத் தெருவில் வேலை நடக்கிறது, எந்த ரோடு திறந்திருக்கிறது, உங்கள் பகுதிக்கு இன்னும் எத்தனை நாள். சாக்பீஸுக்குக் கரண்ட் தேவையில்லை.

உங்கள் பெட்டிச் செய்தி இருந்த இடத்தில் இப்போது பாப்பா எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது, அவளுக்கு எழுத்து அழகு. அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், இடம் இருந்தால் ஐப்பசி பிறப்பதற்கு முன் மலைப்பதிப்பிலாவது போடுங்கள். முதல் வரி, கரிச்சட்டி வாசலுக்கு வெளியே. கடைசி வரி, வெற்றிலை பாக்கு பத்து நாளைக்கு. அது அத்தை சொல்லி எழுத வைத்தது, அதை நீக்கினால் அவர் உங்களுக்குத் தனியாகக் கடிதம் போடுவதாகச் சொல்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாயுடுபுரம், கொடைக்கானல்